நேர்காணலுக்கு முன் படிக்க வேண்டிய முதல் தாள்

வேலைக்கான நேர்காணல் என்பது, விண்ணப்பத்தில் எழுதித் தந்ததை, எழுதியவரை எதிரே உட்கார வைத்துச் சரிபார்க்கும் இடம். ஒருவர் என்ன படித்தார் என்பதைச் சான்றிதழ் சொல்லிவிடும். எவ்வளவு தெரியும் என்பதை எழுத்துத் தேர்வு ஓரளவு காட்டிவிடும். படித்ததையும் செய்ததையும் அவர் எந்த அளவுக்குத் தனதாக்கிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் இந்த இரண்டிலும் தெரியாது. கேள்வி கேட்பவர் தேடுவது அதைத்தான். தமிழ்நாட்டில் நேர்காணல் தயாரிப்பு என்றாலே ஆங்கிலம் பேசப் பழகுவதும், 50 கேள்விகளுக்கு விடை உருப்போடுவதும்தான் என்று ஆகிவிட்டது. இரண்டாலும் கொஞ்சம் பயன் உண்டு. ஆனால், இரண்டுமே பிறகு செய்ய வேண்டியவை. முதலில் படிக்க வேண்டியது விண்ணப்பதாரர் கையெழுத்திட்டுக் கொடுத்த அவருடைய விண்ணப்பத்தையே.

எல்லா வேலைக்கும் நேர்காணல் ஒரே எடை கொண்டதல்ல. மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 2 பணிகளுக்கும் 2024ஆம் ஆண்டு அறிவிப்பிலிருந்து நேர்காணல் நீக்கப்பட்டுவிட்டது. குரூப் 1இல் முதன்மைத் தேர்வுக்கு 750 மதிப்பெண், நேர்காணலுக்கு 100. குடிமைப் பணித் தேர்வில் எழுத்துக்கு 1,750, ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்கு 275. இந்த ஆளுமைத் தேர்வில் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண் என்று எதுவும் இல்லை. வங்கி அதிகாரிகளுக்கான ஐபிபிஎஸ் தேர்வில் முதன்மைத் தேர்வும் நேர்காணலும் 80:20 என்ற விகிதத்தில் சேர்க்கப்படுகின்றன. நேர்காணலில் பொதுப்பிரிவினர் 40 சதவீதமாவது பெற வேண்டும். தனியார் நிறுவனங்களில் இப்படி வரையறை எதுவும் இல்லை. அங்கே பெரும்பாலும் கடைசிச் சுற்றில் அமர்ந்திருப்பவர்களின் முடிவே முடிவு. ஆகவே, எந்த நேர்காணலுக்குப் போகிறோம், அதில் எத்தனை சுற்று, எது வடிகட்டும் சுற்று என்பதைத் தெரிந்துகொள்வதில் தயாரிப்பு தொடங்குகிறது.

அடுத்தது, விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரியிலிருந்தும் எத்தனை கேள்வி பிறக்கும் என்று எழுதிப் பார்ப்பது. சிவில் இன்ஜினீயரிங் முடித்த ஒரு மாணவரின் ரெஸ்யூமேயில், ‘சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஃபிளை ஆஷ் சேர்த்த கான்கிரீட்’ என்று இறுதியாண்டு புராஜெக்ட் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேனலில் இருப்பவர் முதலில் மிகச் சாதாரணமாக, “என்ன கிரேடு?” என்பார். எம்20 என்று பதில் வரும். “அந்த 20 எதைக் குறிக்கிறது?” 28 நாள் நீரில் பதப்படுத்திய 150 மில்லிமீட்டர் கனசதுரம், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதை. “அப்படியானால் இயந்திரத்தில் எத்தனை கிலோநியூட்டனில் உடையும் என்று எதிர்பார்த்தீர்கள்?” 150ஐ 150ஆல் பெருக்கி, 20ஆல் பெருக்கினால் 4,50,000 நியூட்டன், அதாவது 450 கிலோநியூட்டன். கனசதுரத்தைத் தன் கையால் வார்த்து, சோதனைக்கூடத்தில் உடைத்துப் பார்த்தவருக்கு இந்த எண் மறக்காது. அதன் பிறகுதான் முக்கியமான கேள்வி வரும்: “உங்கள் கலவையில் 7ஆம் நாள் வலிமை வழக்கத்தைவிடக் குறைந்திருக்குமே, ஏன்?” சிமென்ட் நீரோடு வினைபுரியும்போது வெளிவரும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு சாம்பல் மெதுவாகத்தான் வினைபுரியும். அதனால் தொடக்கத்தில் வலிமை குறைந்து, நாள் ஆக ஆக ஏறும். இதைச் சொல்ல ஆங்கிலப் புலமை தேவையில்லை. உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் பேனல் தலையசைக்கும். புராஜெக்ட்டை ரெடிமேடாகக் காசு கொடுத்து வாங்கியவரோ இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவார். கல்லூரிகளைச் சுற்றி புராஜெக்ட் செய்துகொடுக்கும் கடைகள் பெருகியிருக்கும் ஊரில், மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இது: நான்காம் ஆண்டில் மிச்சப்படுத்திய உழைப்பு, வேலை தேடும் நாளில் பேனல் முன் கடனாகத் திரும்பி வரும்.

இதே விதி மற்றத் துறைகளுக்கும் பொருந்தும். ‘ஜாவா தெரியும்’ என்று எழுதியவரிடம் அந்த மொழியில் கடைசியாக எழுதிய நிரலைப் பற்றிக் கேட்பார்கள். ‘டேலி தெரியும்’ என்று எழுதிய பி.காம். பட்டதாரியிடம், வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பினால் எந்தப் பதிவு என்று கேட்பார்கள். தெரியாத ஒன்றை ரெஸ்யூமேயில் சேர்ப்பது, தேர்வுக்கு வராத பாடத்தைத் தானே போய்ப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதற்குச் சமம். பத்து மென்பொருள் பெயர்களை அடுக்குவதைவிட, மூன்றை மட்டும் எழுதி மூன்றிலும் அரை மணி நேரம் பேச முடிவது மேலானது.

குடிமைப் பணி ஆளுமைத் தேர்வில் இந்த ‘முதல் தாள்’ இன்னும் வெளிப்படையானது. டெல்லி ஷாஜகான் சாலையில் உள்ள தோல்பூர் ஹவுஸில், தேர்வாணைய உறுப்பினர் ஒருவரின் தலைமையில் குழு அமர்ந்திருக்கும். அவர்கள் முன் இருப்பது விண்ணப்பதாரர் நிரப்பிய விரிவான விண்ணப்பப் படிவம். சொந்த ஊர், படித்த பாடம், பொழுதுபோக்கு, எந்தப் பணியை முதல் விருப்பமாகக் குறித்தார் என எல்லாம் அதில் இருக்கும். திருப்பூர்க்காரரிடம் பின்னலாடைகளைப் பற்றிக் கேட்பது இயல்பு. ஆனால், “ஏற்றுமதி நிறைய நடக்கிறது” என்ற பதிலோடு விட மாட்டார்கள். சாயக்கழிவு கலந்த நொய்யல், ஒரத்துப்பாளையம் அணை, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு, கழிவுநீர் முழுச் சுத்திகரிப்பு முறை, அதற்கு ஆகும் செலவு எனத் தொடரும். “நீங்கள் அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்தால்?” என்பதில்தான் கேள்வி போய் முடியும். தூத்துக்குடிக்காரர் உப்பளம், துறைமுகம், 2018இல் மூடப்பட்ட தாமிர ஆலை, குலசேகரப்பட்டினம் ஏவுதளம் ஆகியவற்றைப் பற்றி இரு தரப்பு வாதத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சொந்த ஊரைப் பற்றிச் செய்தித்தாளுக்கு வெளியே, ஒரு நாள் பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டவரின் பதில் தனியாகத் தெரியும்.

ஏறக்குறைய எல்லா நேர்காணலும் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றுதான் தொடங்குகிறது. இதற்குத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஓர் அச்சு இருக்கிறது: பெயர், ஊர், அப்பாவின் தொழில், அம்மா இல்லத்தரசி, பத்தாம் வகுப்பிலிருந்து வரிசையாக மதிப்பெண், பலம் கடின உழைப்பு, பலவீனம் எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவது. ஒரே நாளில் நாற்பது பேர் இதையே ஒப்பித்துவிட்டுப் போவார்கள். எழுதிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க யாரும் அங்கே உட்கார்ந்திருப்பதில்லை. இரண்டு நிமிடம் கொண்ட இந்தப் பதிலில் மூன்று செய்திகள் போதும்: இப்போது என்ன செய்கிறார் அல்லது படித்து முடித்தார், அதில் அவர் கையால் செய்த ஒரு வேலை, அது இந்தப் பணியோடு எங்கே தொடுகிறது. குடும்பக் கடையில் கணக்கு எழுதியது, கல்லூரி விழாவுக்கு நன்கொடை திரட்டி மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தது, வீட்டுச் சூழலால் இரவுப் பணி பார்த்துக்கொண்டே படித்தது என மாணவர்கள் சொல்லக் கூச்சப்படும் பல விஷயங்கள்தான் பேனலை நிமிர்ந்து பார்க்க வைப்பவை. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் உழைப்பைத் தகுதியாகக் கருதுவதே இல்லை. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஆசிரியர்களுக்கு உண்டு.

மொழியைப் பற்றிய அச்சம் உண்மையானது; அதைத் தள்ளிவிட முடியாது. தமிழ்வழியில் படித்து வந்தவர், விடை தெரிந்தும் சொல் வராமல் தடுமாறுவது அன்றாடம் நடக்கிறது. அரசுத் தேர்வுகளில் இதற்கு வழி இருக்கிறது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் ஆளுமைத் தேர்வையும் தமிழிலேயே எதிர்கொள்ளலாம், மொழிபெயர்ப்பாளர் உடனிருப்பார். அதனால், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஒரு குரல் நுழையும் அந்த இடைவெளிக்கும் பழகியிருக்க வேண்டும். நீளமான வாக்கியம் மொழிபெயர்ப்பில் தேய்ந்துவிடும். தனியார் துறையில் ஆங்கிலம் தவிர்க்க முடியாத இடங்கள் பல. அங்கே தேவைப்படுவது தன் துறையைப் பற்றிச் சின்னச் சின்ன வாக்கியங்களில் பிசிறில்லாமல் பேசுவது. உச்சரிப்பை மெருகேற்றுவது அதற்குப் பிறகுதான். முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, சிந்தனை கோவையான பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினால், சொல்லுக்குத் திணறுவது பாதியாகக் குறையும்.

பழகுவது என்றால் வாய்விட்டுப் பழகுவது. மனதுக்குள் சரளமாக ஓடும் பதில், நாக்குக்கு வரும்போது வேறு மாதிரி ஆகிவிடும். கைபேசியில் பதிவுசெய்து கேட்டால், ‘ஆக்சுவலி’ எத்தனை முறை வந்தது, எந்த இடத்தில் குரல் உள்ளே போனது என்பதெல்லாம் தெரியும். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து மாறி மாறிப் பேனலாக உட்கார்வது செலவில்லாத பயிற்சி. ஆனால், உடன் படித்தவர்கள் கேட்காத கேள்வியை வெளியாள் கேட்பார் என்பதால், துறையில் வேலை பார்க்கும் ஒருவரையும் ஒருமுறையாவது உட்கார வைக்க வேண்டும். சென்னையில் தமிழ்நாடு அரசின் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையமும், மனிதநேயம் போன்ற இலவசப் பயிற்சி மையங்களும் ஆளுமைத் தேர்வுக்கு மாதிரி நேர்காணல்களை நடத்துகின்றன. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்களுக்கான திறன் பயிற்சியை அரசின் கடமையாக்கியது. இவையெல்லாம் சென்னையைத் தாண்டி, பேருந்து வசதி குறைந்த ஊரின் கலைக் கல்லூரி வரை மாதிரி நேர்காணலாகச் சென்று சேர வேண்டும். வகுப்பறையில் காணொளி போட்டுக் காட்டுவது மாதிரி நேர்காணல் ஆகாது.

ஐடிஐ முடித்தவர்களுக்கு நேர்காணல் பெரும்பாலும் கைவேலைச் சோதனைதான். வளைகுடா வேலைக்கு வெல்டர் எடுப்பவர்கள் பேச்சை வளர்ப்பதில்லை. 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றிப் பற்றவைக்கும் 6ஜி டெஸ்ட்டைச் செய்து காட்டச் சொல்வார்கள். பல மாதம் டார்ச் பிடிக்காத கை, டெஸ்ட் அன்று நடுங்கும். போகும் முன் தெரிந்த பட்டறையில் ஒரு வாரமாவது கையைப் பழக்கிக்கொள்வதுதான் இவர்களுக்கான தயாரிப்பு. கூடவே ஒன்று: ஆளெடுக்கும் ஏஜென்ட், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்றவரா என்று பார்க்க வேண்டும். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். நிலத்தை அடகுவைத்து லட்சங்களைக் கொடுக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வதே இல்லை. உள்நாட்டிலும் நேர்காணலுக்கு முன்பணம், ‘பேக் டோர்’ என்று யார் பேச்செடுத்தாலும் அங்கேயே எழுந்துவிட வேண்டும்.

நேர்காணலில் நன்றாகப் பதில் சொல்லிவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் விழுந்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இதற்கு முதல் காரணம் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுமையாக, பான் அட்டையில் இடம் மாறி என மூன்று விதமாக இருக்கும். கடைசி நேரத்தில் இதைத் திருத்த முடியாது. அடுத்தது சாதிச் சான்றிதழ். மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு மத்திய அரசு வேலைக்கும் வங்கிக்கும் போனால் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், ‘கிரீமி லேயர்’ அல்லாதவர் என்ற குறிப்போடு, அறிவிப்பில் சொன்ன காலத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும். தமிழ்வழி ஒதுக்கீடு கோருபவர் பள்ளிக் காலத்திலிருந்தே அதற்கான சான்றைத் திரட்ட வேண்டும். பள்ளி மூடப்பட்டிருந்தால் அலைச்சல் இரட்டிப்பு. வேலை மாறுபவருக்கு ரிலீவிங் லெட்டரும் கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பும் தேவை. இவற்றை அழைப்பு வருவதற்கு முன்பே ஒரு கோப்பில் அடுக்கிவிட்டால், கடைசி வாரம் படிப்புக்கு மிஞ்சும்.

தெரியாத கேள்வி வரும், வரத்தான் வேண்டும். பேனல் சில நேரம் எல்லையைத் தொட்டுப் பார்க்கவே கேட்கும். “தெரியவில்லை, சார்” என்று சொல்வதில் மதிப்பெண் போய்விடாது. சுற்றி வளைத்து ஒரு பதிலை உருவாக்கி, அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டால்தான் போகும். பாதி தெரிந்தால், தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்லலாம். அதேபோல, படிப்பில் அரியர் இருந்ததையும் வேலையில் இடைவெளி விழுந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. அரசுத் தேர்வுக்காக நான்கைந்து ஆண்டு நூலகத்தில் உட்கார்ந்துவிட்டுத் தனியார் வேலைக்குத் திரும்புவோர் இங்கே ஏராளம். அந்த ஆண்டுகளைக் குற்றம்போல ஒளிக்காமல், எந்தக் கட்டம் வரை சென்றார், அதில் என்ன கற்றார், இந்த வேலைக்கு ஏன் வருகிறார் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு நேராக வேலையைப் பற்றிப் பேசலாம்.

தயாராக இருந்தும் கலங்க வைக்கும் கேள்விகள் சில உண்டு. பெண்களிடம் “எப்போது கல்யாணம்?”, “குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவீர்களா?” என்பது இன்றும் கேட்கப்படுகிறது. ஆளெடுப்பில் பெண்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டிலேயே சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது. விண்ணப்பித்த பெண் இதற்குச் சண்டை போட வேண்டியதில்லை. “இந்தப் பணிக்கு வேண்டிய நேரத்தையும் பயணத்தையும் அறிந்தே விண்ணப்பித்திருக்கிறேன்” என்று பேச்சை வேலைக்குத் திருப்பிவிடலாம். கேட்பவர்தான் வெட்கப்பட வேண்டும். ஊரையும் அப்பா பெயரையும் துருவி, சாதியை எட்டிப் பார்க்கும் கேள்விகளும் அப்படியே.

நேர்காணல் என்ற பெயரில் நடப்பவற்றை நீதிமன்றங்களும் பார்த்திருக்கின்றன. 1970இல் பெரியகருப்பன் வழக்கில், தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75ஐ நேர்காணலுக்கு ஒதுக்கியது அதிகமாகத் தெரிகிறது என்றது உச்ச நீதிமன்றம். 1980இல் அஜய் ஹாசியா வழக்கில், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் ஒருவருக்கு இரண்டு, மூன்று நிமிடம் மட்டுமே ஒதுக்கி, பெற்றோரையும் வசிப்பிடத்தையும் விசாரித்துவிட்டு மதிப்பெண் போட்டதைக் கண்டித்தது. இத்தகைய சேர்க்கையில் நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கு, அரசுப் பணித் தேர்வில் 12.2 சதவீதம் என்ற அளவைக் காட்டியது. அரசுத் தேர்வுகளில் நேர்காணலின் எடை கட்டுக்குள் இருப்பதற்கு, தோற்ற விண்ணப்பதாரர்கள் படியேறிய இந்த வழக்குகளும் காரணம். ஆளெடுப்பவர்களும் தயாராகிவர வேண்டும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் ஆகிய உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பிற்காலப் பணித்திறனை முன்கூட்டிக் காட்டுவதில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்கும் நேர்காணலின் மதிப்பு 0.51, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலின் மதிப்பு 0.38. கேள்வித்தாள் இல்லாமல் அமரும் பேனல், நல்ல ஆளைத் தானே தவறவிடுகிறது.

கடைசிச் சுற்றில் சம்பளப் பேச்சு வரும். இதற்குத் தயாராகாமல் போவோரே அதிகம். ஆண்டுக்கு 3.60 லட்சம் சி.டி.சி. (ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 30 ஆயிரம் கையில் வரும் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 15 ஆயிரம் என்று கொண்டால், நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு ஆண்டுக்கு 21,600 ரூபாய், கிராஜுவிட்டி ஏறக்குறைய 8,650 ரூபாய். ஊக்கத்தொகை என்று 36 ஆயிரத்தை ஆண்டுக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தால், மீதி மாதம் சுமார் 24,500. அதிலும் ஊழியர் பங்கு 1,800 பிடித்தால் கைக்கு வருவது 22,700தான். சென்னையில் விடுதி வாடகை போக ஊருக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது. ஆஃபர் லெட்டரில் கையெழுத்திடும் முன் இந்தப் பிரிவினையைக் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவு ஆகாது. ‘பாண்டு’ இருந்தால் எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை என்று படிக்க வேண்டும். மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. “பாண்டெல்லாம் சும்மா” என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திடக் கூடாது.

உடை, வணக்கம் சொல்வது, கதவைத் தட்டி நுழைவது ஆகியவற்றுக்கு ஒரு மாலை போதும். சுத்தமாகத் துவைத்துத் தேய்த்த சட்டையும் முந்தைய இரவின் உறக்கமும் இருந்தால் சரி. இணையவழி நேர்காணல் என்றால் முகத்தில் வெளிச்சம் விழும் இடம், மின்தடைக்கு மாற்று, அழைப்பு அறுந்தால் தொடர்புகொள்ள ஓர் எண் ஆகியவற்றை முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முடிந்து வெளியே வந்ததும், கேட்ட கேள்விகளை அன்றே எழுதிவைப்பது அடுத்த நேர்காணலுக்கான பாடநூல். இரண்டு நாளில் பாதி மறந்துவிடும். தேர்வாகாவிட்டால் நிறுவனத்திடம் பணிவாகக் காரணம் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். பெரும்பாலும் பதில் வராது, சிலர் அனுப்புவார்கள். குடிமைப் பணியில் ஆளுமைத் தேர்வு வரை சென்று இறுதிப் பட்டியலில் இடம்பெறாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. விருப்பம் தெரிவித்தவர்களின் விவரத்தைப் பிற வேலை வழங்குவோருக்குத் தரும் திட்டத்தைத் தேர்வாணையம் 2018 முதல் நடத்துகிறது. 2025இல் அது ‘பிரதிபா சேது’ என்ற பெயரில் தனியார் நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த விருப்பத்தைத் தெரிவிக்கத் தவறாமல் இருப்பதும் தயாரிப்பின் ஒரு பகுதி.